எல்லாம் குறைவாக வந்த ரிப்போர்ட்

1. தொடர்ந்து மூன்று நாள் மழை. ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை. அப்பா தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்தார்.
2. முதல் நாளே அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. எனக்குச் சொல்லவில்லை.
3. மூன்றாம் நாள் காலை பஸ் ஏறி, ருவான்வெல்லையில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு வந்தார். இரத்தம் எடுத்தது நான்தான்.
4. மொத்தக் கொலஸ்ட்ரோல் 134. ஐந்து மாதத்துக்கு முன் 251.
5. அப்பா அந்த ரிப்போர்ட்டை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்தினார்.
6. மறுநாள் சனிக்கிழமை. நான் வீட்டுக்குப் போனேன்.

மழை நாளில் பால்வெட்டு இல்லாததால், கிளினிக், பரிசோதனை, பல் பிடுங்குவது எல்லாவற்றையும் அப்பா மழை நாளுக்கென்றே ஒதுக்கிவைப்பார். இம்முறை அவருக்கு இன்னொரு வசதியும் தெரிந்திருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டும். காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே பட்டினி தயாராகவே இருக்கிறது, வீணாக்குவானேன்?

வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன். "பன்னெண்டு மணி நேரம் சாப்பிடாம வந்தீங்களாப்பா?"

"பன்னெண்டா? முந்தாநாளுலேருந்து தண்ணிதான்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். மழையில் நனைந்து வந்தவரின் கை குளிர்ந்திருக்க வேண்டும், சூடாக இருந்தது. அதைக் கவனித்தேன். பின்னால் பதினொரு பேர் காத்திருந்ததால் கவனித்ததோடு விட்டுவிட்டேன். 134 வந்தபோது இயந்திரத்தைச் சந்தேகித்து இரண்டாம் முறை ஓட்டினேன். அதே எண். கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை நான் படியேறும்போதே இருமல் கேட்டது. அம்மா தேங்காயில் இடித்த பொல் சம்பலும் பொரித்த கருவாடும் செய்து, ரிப்போர்ட்டைக் கொண்டாடத் தயாராக இருந்தார். அப்பா தட்டைத் தொடவில்லை. கொத்தமல்லித் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்துலேருந்து அந்தக் காயிதத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு," என்றார் அம்மா. "என்னைய பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்புடி பாக்கல."

"ஒன்னயப் பாத்தப்ப..." என்று தொடங்கிய அப்பா மூச்சுக்காக நின்றார். பிறகு, "...வெளக்கு மங்கலா இருந்துச்சு," என்று முடித்தார். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தே சொல்லுக்கு நடுவில் அவர் ஏன் நிற்க வேண்டும்?

பையிலிருந்த, இரத்தத்தின் ஒட்சிசனை, அதாவது பிராணவாயுவை, அளக்கும் கருவியை அவர் விரலில் மாட்டினேன். 90. விரலை மாற்றிப் பார்த்தேன். 90. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா. இப்பவே."

"எதுக்கு? அந்தா பாரு. எல்லாம் கொறவு. ஒங்க லேப்பு முத்திர. கீழ ஒன் கையெழுத்து."

அவரை வீட்டிலேயே பிடித்துவைத்திருந்தது என் கையெழுத்துதான். சளிக்காய்ச்சல் போன்ற தொற்று கடுமையாக வரும்போது இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் தானாகவே இறங்கும். நல்ல கொழுப்பு என்கிறோமே, அதுவும் சேர்ந்து இறங்கும். அவருடையது 23. அதிகம் இறங்கியவர்களுக்கு நோயும் கடுமையாவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். எது எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த எண்ணை வைத்து யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் இல்லை. விரலில் வந்த எண்தான் அவசரம். இத்தனையையும் வரிசையாகச் சொன்னேன்.

"அப்ப பொய்யா கையெழுத்து போட்டியா?"

"எண்ணு பொய்யில்லப்பா. எடுத்த நாளுதான் தப்பு."

அவர் முகம் மாறவில்லை. மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் தேங்காய்ச் சிரட்டையை வைத்து வேறு வழியில் கேட்டேன். "செரட்ட நெறய பால் குடுத்த மரம், திடீர்னு ஒரு நாள் கால் செரட்ட குடுத்தா என்ன சொல்லுவீங்க?"

"பட்டையில சீக்குனு சொல்லுவேன்."

"பால் கொறஞ்சது நல்லதுன்னு சந்தோஷப்பட மாட்டீங்களே?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சட்டய எடு," என்று அம்மாவிடம் சொன்னார்.

முச்சக்கரவண்டியில் ஏறுமுன், சுவரிலிருந்த ரிப்போர்ட்டை உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தாதி, "தாத்தே, லொகு ஹுஸ்மக் கன்ன," என்று மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னபோது, இழுத்து இருமிவிட்டு, தனக்குக் கொலஸ்ட்ரோல் இல்லை என்பதைச் சிங்களத்திலேயே தெரிவித்தார்: "மட்ட கொலஸ்ட்ரோல் நே, மிஸ்." ஒட்சிசன் முகமூடி வைத்த பிறகுதான் பேச்சு நின்றது. எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் கீழ்ப்பக்கம் வெண்மை. இன்புளுவென்சா என்றார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று வைத்தியர் சொன்னதை நான் அம்மாவிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

நான்கு நாள் ஒட்சிசன், ஆறாம் நாள் வீடு. மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். உடம்பு தேறி இரண்டு மாதத்துக்குப் பிறகு மறுபடியும் நானே இரத்தம் எடுத்தேன். அதுவும் மழை நாள்தான். ஆனால் கை குளிர்ந்திருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 229.

அப்பா ரிப்போர்ட்டை நீட்டிப் பிடித்துப் படித்தார். "அப்ப மறுபடியும் நோயாளி ஆயிட்டேனா?"

"இல்லப்பா. சொகமாயிட்டீங்க. இனித்தான் கொறைக்கணும்."

"நல்ல படிப்பு படிச்சிருக்க நீ," என்றார்.

இப்போது அப்பா மாலையில் மாத்திரை போடுகிறார். பொரித்த கருவாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும். மேட்டிலுள்ள மரங்களுக்கு வழியில் நிற்காமல் ஏறுகிறார். கண்ணாடிக்குப் பக்கத்தில் 229 ஒட்டியிருக்கிறது, அவரே ஒட்டினார். ஆய்வுகூடத்தில், இரத்தம் எடுக்கப் பட்டியைக் கையில் கட்டுமுன் நான் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: சாப்பிட்டீர்களா, காய்ச்சல் இருந்ததா. சென்ற வாரம் இரண்டாவதற்கு ஆம் என்ற ஒருவரை வைத்தியரிடம் அனுப்பி, குணமானபின் வரச் சொன்னேன். அப்பாவின் அடுத்த பரிசோதனை ஒரு மாதத்தில். மழை பெய்தால் கொஞ்சம் முன்னதாக.