கடைமடைக்கு நடந்து வந்த தாசில்தார்

தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது எங்களுக்குத் தாசில்தாராக வந்தவர் ஒல்லியான மனிதர். வண்டி தயாராக நின்றாலும் நடந்தே போவார்.

கொற்கைப் பக்கத்தில் ஒரு கடைமடை ஊர். தாமிரபரணிக் கால்வாய் அங்கே போய்ச் சேர்வதற்குள் வற்றிவிடும். சர்க்கார் கணக்கில் மட்டும் அந்த நிலமெல்லாம் நஞ்சை. தண்ணீர் எட்டாத வயலுக்கு நெல் விளையும் வயலின் தீர்வை. கட்டாதவர்களின் மாடுகளை ஜப்தி செய்ய உத்தரவு வந்தது.

ஜப்திக்குப் போன தாசில்தார், என்னையும் கூட்டிக்கொண்டு கால்வாய்க் கரையோடு கடைசி வயல்வரை நடந்தார். வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் கைத்தடியை விட்டுப் பார்த்தார். பாதித் தடி உள்ளே போயிற்று. அந்த வயல் ஒரு விதவையுடையது; அவளும் வரப்பில் வந்து நின்றாள்.

"மாட்டைக் கொண்டு போயிட்டா உழவே நின்னு போவும், எசமான்" என்றாள்.

"மாடு இங்கனயே நிக்கட்டும், தாயி."

அந்நிலங்களைப் புஞ்சையாக மாற்றித் தீர்வையைக் குறைக்கும்படி மேலிடத்துக்கு எழுதினார். மறுத்தார்கள். மறுபடியும் எழுதினார். சர்க்கார் வருமானத்தைக் கெடுக்கிறார் என்று கண்டனம் வந்தது. சுத்தப் பிரதி எடுத்தே கை ஓய்ந்த நான் ஒருநாள் சொல்லிவிட்டேன்: "இதுக்கு மேல எழுதினா நமக்குத்தான் பொல்லாப்பு, எசமான்."

"நாம கண்ணால பார்த்ததைத்தான எழுதுதோம்? எழுதும் வே."

அவரை மலையோரத் தாலுகாவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்தும் எழுதினார். சில வருஷங்கள் கழித்துத் தீர்வையைக் குறைத்து உத்தரவு வந்தபோது நான்தான் அவருக்குக் கடிதம் போட்டேன். 'சந்தோஷம். சர்வே நம்பர் ஒன்றும் விட்டுப்போகவில்லையே, பாரும்' என்று பதில் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

அந்த ஊரில் அவருக்காகக் கூட்டம் போட்டார்கள். நான் அலங்காரமாக ஒரு பிரசங்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணத்திடம் வாங்கி வைத்திருந்த உத்தரவு நகலை என்னிடம் நீட்டினார்.

"பேச்சு இருக்கட்டும், அய்யா. இதை வாசிங்க. அவுக எங்களுக்காக எழுதுனதுக்கு வந்த பதிலு இதுதான."

வாசித்தேன். வெறும் நம்பர்கள்தான். தன் வயலின் நம்பர் வந்ததும் அந்த விதவை எழுந்து கும்பிட்டாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். என் பிரசங்கம் மடியிலேயே இருந்துவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் ஒன்றே உறுத்தியது. அவர் உயிரோடு இருந்தபோது, செய்வது சரிதான் என்று ஒரு வார்த்தை நான் அவரிடம் சொன்னதில்லை.