பூவா, ஐஸா?

குளிரறை அம்மா கடலடி ஐஸைக் கொளுத்தி டீ போட்டுக் குடித்துவிட்டாராம். ஆராய்ச்சிக்கூடத்து கேன்டீனில் இதுதான் பேச்சு. விசாரித்தால் ஒருவர் டீ என்கிறார், ஒருவர் காபி என்கிறார், மூன்றாமவர் ஆம்லெட் வரைக்கும் போய்விட்டார். கண்ணால் பார்த்தவர் எவருமில்லை.

எரியும் என்பது மட்டும் நிஜம். ஆழ்கடல் மண்ணுக்குள் மீத்தேன் வாயு தண்ணீரோடு உறைந்து ஐஸ் மாதிரியே கிடக்கும். கப்பல் போய்த் துளைபோட்டு எடுத்துவந்ததில் மிச்சம் ஆறே குழாய். அடுத்த கப்பலுக்கு இரண்டு வருஷம் ஆகும். அதுவரை அந்த ஆறையும் மைனஸ் எண்பது டிகிரியில் காக்கிற வேலை அம்மாவுடையது. சாப்பிட உட்கார்ந்தாலும் போனில் குளிர்பெட்டியின் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"பெத்த பொண்ணுக்கு ஜுரம் வந்தப்பகூட இத்தனை தடவை தொட்டுப் பாக்கல நீ" என்பார் கணவர். அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக அரைநாள் லீவு. பெட்டிக் கதவோரம் பனி படிந்து சரியாக மூடவில்லை. அந்தப் பனிக்கு ஆராய்ச்சிக்கூடத்துப் பெயர் 'பூ'. 'ஐஸ்' என்றால் கடல் சரக்கு மட்டும்தான். பராமரிப்புக்காரர் வெளியாள், பூ என்றால் முழிப்பாரே என்று அவர் பாஷையிலேயே சீட்டு எழுதி ஒட்டினார்: 'ஐஸ் எடுக்கவும்.'

டாக்டர் வாசலில் நிற்கும்போது பராமரிப்புக்காரரின் போன் வந்தது. "அம்மா, ஐஸ் எடுத்தாச்சு. ஆறையும் பக்கெட்ல பத்திரமா வெச்சிருக்கேன்."

"நீ உள்ள போய் வாயைத் தொற, அப்பா வருவாரு" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் சிவப்பு விளக்கு.

பக்கெட்டில் குழாய்கள் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தன.

"ஜன்னலைத் தொறங்க! சுவிட்சைத் தொடாதீங்க!"

பராமரிப்புக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பூன்னு எழுதியிருந்தா பூவை எடுத்திருப்பேன்ல? உங்க பேச்சு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

ஐந்து குழாயில் சேறுதான் மிச்சம். ஆறாவது இன்னும் கெட்டியாக இருந்தது. திறந்து கிடந்த பெட்டி மறுபடி குளிர நேரமாகும். பக்கத்து அறை என்ஜினியர், வாயுவைக் கரண்டாக்கும் ஃப்யூயல் செல் செய்கிறவர், தன் திரவ நைட்ரஜன் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இதுல போடுங்கக்கா!"

அது பிழைத்தது. போன ஐந்துக்கு கேன்டீன் கண்டுபிடித்த காரணம்தான் டீ.

மறுநாளே பெட்டி சரியாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. குழாய் கேனிலேயே இருக்கிறது. மணிக்கொரு தரம் மூடியைத் தடவிப் பார்க்கிறார், வேளைக்கு நைட்ரஜன் ஊற்றுகிறார்.

தினமும் காலையில் என்ஜினியர் வந்து நிற்கிறார். "அக்கா, என் கேன்? அது இல்லாம என் வேலை நிக்குது."

"பெட்டி ஒரு நாள் ஒழுங்கா ஓடட்டும் தம்பி."

"ஒரு வாரமா ஓடுதே! இல்லேன்னா குழாயோட குடுங்க. கடல் வாயுல என் செல் ஓடுதான்னு பாக்கத்தானே இத்தனை கூத்தும்?"

அம்மா கேனைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினார்.

"நாளைக்கு."

இது ஒன்பதாவது நாளைக்கு.