அரை மணிக்கு அவர் முறை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்சிமுனைக் காவலரைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு என் கோபத்தை மட்டும் ஒளித்துவைக்க முடியாது.

மழைக்காட்டுப் பூங்காவின் அடிவாரத்தில் டிக்கெட் கூண்டில் உட்காருபவள் நான். அவர் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் படிகளுக்கு மேலே, பாறை விளிம்பில், கம்பித் தடுப்பை ஒட்டி. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து எதிர்மலை அருவியும், கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காடும் தெரியும். மேகம் ஏறிவிட்டால் வெறும் வெள்ளை. நீட்டிய கையே தெரியாது. படியெல்லாம் அட்டைக்கடி பட்டு ஏறி வந்து வெள்ளையைப் பார்த்தவர்கள் இறங்கி வந்து என்னைத்தான் திட்டுவார்கள், ஏதோ மேகத்தை நான் பெற்று வளர்த்த மாதிரி.

அதற்காகத்தான் எங்களுக்கு வாக்கி டாக்கி ரேடியோ. மலையில் செல்போன் எடுக்காது. மணிக்கு ஒரு தடவை, அரை மணிக்கு ஒரு தடவை அவர் மேலேயிருந்து நிலவரம் சொல்வார். "திறந்திருக்கு" என்றால் ஆளை அனுப்புவேன். "மூடியிருக்கு" என்றால் நிறுத்திவைப்பேன். அந்த நேரத்தில் நான் வாய் திறக்கக் கூடாது. அது அவர் முறை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்திப் பேசினால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இந்த ஏற்பாட்டைப் போட்டதே நான்தான்.

எல்லோருக்கும் அவர் மேகக்காரர், எனக்கு அண்ணன். அவருக்கு நான் மிளகாய். "என்ன மிளகாய், இன்னிக்கு யார் தலையை உருட்டினே?" என்றுதான் காலையில் கூண்டைத் தாண்டுவார். இருபத்திரண்டு வருடம் மேகத்தைப் பற்றி ஒரு பொய் சொன்னதில்லை. கூட்டம் நிறைந்த ஒரு விடுமுறை நாளில் மேலதிகாரி வந்து, "திறந்திருக்குன்னே சொல்லுய்யா, போறவங்க போகட்டும்" என்றார். இவர், "நீங்க வேணா மேல வந்து நின்னு சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

அவர் மனைவி இறந்த கதையையும் சொல்லவேண்டும். பேய்மழையில் மண் சரிந்து படிக்கட்டு பாதி அடித்துக்கொண்டு போன சமயம் அது. பார்க்க வந்த பத்தொன்பது பேர் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். இரண்டு நாள் அவர்களை ஒரு தகரக் கொட்டகைக்குள் வைத்துக் காப்பாற்றினார். அண்ணி அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாம் நாள் காலை ரேடியோவில் விஷயத்தைச் சொன்னவள் நான். "சரி" என்றார். அவ்வளவுதான். பிறகு தெரிந்தது, கொட்டகையில் பயந்து அழுதுகொண்டிருந்தவர்களைச் சிரிக்கவைக்க அன்று முழுக்க ஜோக் சொல்லிக்கொண்டிருந்தாராம். பாவி மனுஷன்.

கீழே இருபது வயது மகள் தனி ஆளாக நின்று ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. "உங்களுக்கு அந்த மலைதான் குடும்பம். அங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு வேலை தேடிப் போனவள், பதினொரு வருடம் எட்டிப் பார்க்கவில்லை.

போன மாதம் கடிதம் வந்தது. என் கூண்டுக்குத்தான் வந்தது, படித்துக் காட்டச் சொன்னார். வேறு நாட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். கிளம்புகிற அன்று வழியில் இறங்கி மேலே வந்து பார்க்கிறாளாம். 'பார்த்துப் பேசினால் விலாசம் தருகிறேன். இல்லாவிட்டால் வேண்டாம், இத்தோடு விட்டுவிடலாம்' என்று முடித்திருந்தாள்.

"நீங்க கீழ வந்து நில்லுங்க அண்ணே" என்றேன்.

"அந்தத் தடுப்பை ஆளில்லாம விட முடியாது மிளகாய். அதோட, அவ மேல வரட்டும். அவ அம்மாவை விட்டுட்டு நான் எங்க நின்னேன்னு அவ கண்ணால பார்க்கட்டும். வானம் மட்டும் தெளிஞ்சிருந்தா போதும்."

அவள் வருகிற நாளன்று அவருக்குப் புதுச் சட்டை. அதற்கு இஸ்திரி வேறு. நான் கேலி செய்தேன், வெட்கப்பட்டுச் சிரித்தார். வானமோ விடியும்போதே இறங்கி வந்து படியில் உட்கார்ந்திருந்தது. எட்டு மணிக்கும் மூடியிருக்கு, ஒன்பதுக்கும் மூடியிருக்கு. பத்து மணிக்குச் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாடகை வேன் வந்து நின்றது. இறங்கியவளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பாவின் நெற்றி அப்படியே. "நான் அவரோட பொண்ணுக்கா. மேல இருக்காரா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பொத்தானை அழுத்தி, "அண்ணே, உங்க பொண்ணு வந்துட்டா! மேல அனுப்பட்டுமா?" என்று கத்தினேன். விரலை எடுத்தேன்.

"...இப்போ வேணாம், அனுப்பாதே. வந்தா திருப்பி அனுப்பிடு."

அவர் குரல். கூண்டுக்கு வெளியே வரைக்கும் கணீரென்று கேட்டது.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இத்தனை நாள் இந்த ஆளுக்காகவா இரக்கப்பட்டேன்? மேகம் இருந்தால் என்ன, பெற்ற மகளைப் பார்க்க வெயில் அடிக்கவேண்டுமா? "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்திக்கொண்டே ரேடியோவை அணைத்து மேசையில் வீசினேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். என் வாயில் மண் விழ, அவளிடம் திரும்பி, "போம்மா. அந்த ஆளு கல்லு. இதுக்கு மேலயும் நீ பணிஞ்சு போகவேண்டியதில்லை" என்றேன்.

அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த ரேடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். வேன் போய்விட்டது.

மீதி நாள் நான் யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை, ரேடியோவைத் தொடவும் இல்லை. நாலு மணிக்கு அவரே இறங்கி வந்தார். புதுச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அவ வரலை, இல்ல?" என்றார். "இந்த மேகத்தைப் பார்த்துட்டுப் போயிருப்பா. உன் ரேடியோவுக்கு என்ன ஆச்சு? பத்தரைக்கு நிலவரம் சொன்னேன், அப்புறம் நீ பேச்சையே காணோம். மூடியிருக்கு, யாரும் இப்போ வேணாம், அனுப்பாதே, வந்தா திருப்பி அனுப்பிடுன்னு சொன்னேன். சொல்லிட்டு யோசிச்சேன். என் பொண்ணு வந்தா மட்டும் நிறுத்தாதே, மேகம் இருந்தாலும் பரவாயில்லைன்னு உடனே திரும்பச் சொன்னேனே. கேட்கலையா?"

அப்போதுதான் உறைத்தது. அரை மணி. அவர் முறை. நான் கத்தியது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர் பேசியதில் வால் மட்டும் எங்களுக்குக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்கவிடாமல் ரேடியோவை அணைத்துப் போட்டவள் நான்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன், கல்லு என்றதையும் சேர்த்து. என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பி ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். ஒரு லாரியை நிறுத்தி ஏறினோம். ஊருக்குள் வேன்காரரைக் கண்டுபிடித்தோம். பன்னிரண்டரை ரயிலுக்கு இறக்கிவிட்டதாகச் சொன்னார். விலாசமா, அதெல்லாம் கேட்கவில்லையே என்றார்.  

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். மலைப் பக்கம் மேகமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. நான் காலில் விழாத குறையாக அழுதேன். "என்னைத் திட்டுங்க அண்ணே, ஏதாவது சொல்லுங்க" என்றேன். அவர் வேறொன்று கேட்டார்.

"பேசினது நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மேகத்தைப் பற்றிக்கூடப் பொய் சொல்லாத இவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"தெரிஞ்சுது அண்ணே. உங்க குரலைக் கேட்டதும் சிரிச்சா. அப்புறம்தான் என்ன சொன்னீங்கன்னு அவளுக்குப் புரிஞ்சுது."

"சிரிச்சாளா?"

"ஆமா."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மறுபடி அதையே கேட்டார். அடுத்த ரயில் வந்து போகும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் ஆமா என்று சொன்னேன்.