காரின் தரையில் ஆற்றுமணல்

அம்மா மண்டபப் படித்துறையில் காவேரிக் குளியல் முடித்துக் காரில் ஏறியபோது, மனைவியின் கால் ரப்பர் மேட்டின் ஓரத்தில் துருப்பிடித்த தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டைத் தொட்டது. நல்லவேளை, வண்டி கிளம்பவில்லை.

கார் தகடு வேலை செய்யும் கே.கே. நகர் டிங்கரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவருக்கு நரைத்த மீசை; அதில் பெயின்ட் புள்ளிகள். எந்த வண்டியிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். வெறுங்காலுக்குத்தான் ஈரம் தெரியுமாம். ரப்பர் மேட்டைத் தூக்கினார். அடியில் ஈர மணல்.

“குளிச்ச ஈரத்தோடவே ஏறுவீங்களா சார்?”

“வாராவாரம்.”

“காவேரிய வண்டியிலயே கொண்டாந்துட்டீங்க.”

துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்தார். மேட்டை மட்டும் தரவில்லை.

“இது கெடந்தா அடியில ஈரம் காயாது. குளிங்க, வேணாங்கல. துவட்டிட்டு ஏறுங்க. ஈரத்துணிய பக்கெட்ல வைங்க.”

அந்த மேட்டில் இப்போது அவருடைய நாய் தூங்குகிறது. நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். காய்ந்த தரை காலில் பட்டதும், “நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்” என்பாள் மனைவி.