வீடு இல்லாதவனின் ஓட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓட்டு உண்டா, இல்லையா என்று ஒரு ஹாலே கூடி விவாதித்தது. நான் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்கத் தேர்தல் இல்லை. நான் இன்னும் சிட்டிசன் ஆகவில்லை. ஹூஸ்டனில் நாங்கள் புதிதாக ஆரம்பிக்கும் தமிழர் சங்கத்தின் முதல் கூட்டம் அது. சங்கத்துக்குச் சட்டம் எழுதியவர் சிவராமன் சார். எண்ணெய் கம்பெனி இன்ஜினியர். இந்த நாட்டை உருவாக்கியவர்களைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர்.

நான்காவது விதியைப் படித்தார். சொந்த வீடு உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு.

"இது நான் கண்டுபிடிச்சது இல்லை. ஆரம்பத்துல இங்க பல ஸ்டேட்ல சொத்து இருந்தாதான் ஓட்டு. ஏன்? அடுத்தவன் தயவுல வாழறவன், அவன் சொல்ற ஆளுக்குத்தான் கை தூக்குவான். ராஜாவே வேண்டாம்னு குடியரசு வெச்சவங்க அவங்க. ரிபப்ளிக்னா யாரையும் நம்பாம இருக்கறது!"

கைத்தட்டல்.

நான் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு ஹோட்டலில் தோசை ஊற்றுகிறேன். கடைக்குப் பின்னால் முதலாளி கொடுத்த அறையில் படுக்கை. அங்கே ஏசி ரிப்பேர். நியூ ஜெர்சியில் பெட்ரோல் போட்டது, சான் ஹோசேயில் மோட்டல் பாத்ரூம் கழுவியது எல்லாம் சேர்த்து இது பன்னிரண்டாவது வேலை. படிப்பு ஒன்பதாவதோடு சரி. ஆனால் ஓய்வு நேரத்தில் லைப்ரரியில் கிடக்கிறேன் — ஹூஸ்டன் வெயிலுக்கு இலவச ஏசி வேறு எங்கே கிடைக்கும்?

சார் சொன்ன ஆட்களை நானும் அங்கேதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜனாதிபதியை நம்பாமல் காங்கிரஸ் என்ற பாராளுமன்றத்தை வைத்தார்கள். காங்கிரஸை நம்பாமல் அதை இரண்டாக்கினார்கள். ஜனங்களையும் நம்பவில்லை. எனக்குப் பிடித்துப்போனது... ஆனால் சுதந்திரம் பேசிய அவர்களிலேயே பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அதைப் படித்த பிறகு அவர்களையும் முழுசாக நம்புவதில்லை.

எழுந்தேன். "சார், ஒரு டவுட். அடுத்தவன் தயவுல இருக்கறவனுக்கு ஓட்டு இல்லை... அதானே?"

"அதேதான்."

"இங்க கம்பெனி ஸ்பான்சர் பண்ணி, கிரீன் கார்டுக்கு வெயிட் பண்றவங்க எத்தனை பேர்?"

ஹாலில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்தான்.

"உங்க மேனேஜர்கிட்ட நாளைக்கு 'முடியாது'ன்னு சொல்லுவீங்களா? சொன்னா வேலை போகும், கூடவே விசாவும் போகும். வீடு இருக்கும், நாடு இருக்காது. எனக்கு அக்கா வாங்கிக் கொடுத்த கிரீன் கார்டு. பதினோரு முதலாளிகிட்ட 'முடியாது'ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

முன்வரிசையில் ஒரு அம்மா கணவரின் தோளை இடித்தார். "ஏங்க, உங்களுக்கும் ஓட்டு போச்சு! மேனேஜர் போன் பண்ணினா இவர் எந்திரிச்சு நின்னுதாங்க பேசுவார்!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிவராமன் சார் பேனாவை எடுத்து நான்காவது விதியை அடித்தார்.

"அடிச்சுட்டேன்பா. ஆனா நான் சொன்னது தப்பில்லை. பார்த்துக்கோ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. லைப்ரரியில் கிடந்தது வீண் போகவில்லை!

அடுத்தது தலைவர் தேர்தல். சீட்டு எழுத நேரமில்லை, கை தூக்கினால் போதும் என்றார்கள். சிவராமன் சாருக்கு எதிராக நின்றவர் எங்கள் ஹோட்டல் முதலாளி அண்ணாச்சி. "சங்கச் சாப்பாடு எல்லாம் இனி நம்ம கடைதான்டே," என்று முந்தின நாளே கிச்சனில் சொல்லியிருந்தார். இவர் தலைவராக வரவே கூடாது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

"அண்ணாச்சிக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க!"

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. சிரித்தார்.

"நல்லாப் பேசினேடே. ரூம்ல ஏசி ஓடலைன்னியே... நாளைக்கு ஆள் வாரான்."

என் கை மேலே இருந்தது.

சிவராமன் சார் என் கையைப் பார்த்தார். பிறகு தான் அடித்த நான்காவது விதியைப் பார்த்தார். அண்ணாச்சி ஜெயித்தார்.

அடுத்த கூட்டத்தில், ஓட்டுகளைச் சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும் என்று கேட்கப்போகிறேன். எல்லோரையும் சந்தேகப்பட்டவன், கடைசி வரிசையில் ஒருத்தனை மட்டும் விட்டுவிட்டேனே!

ஏசி ஜில்லென்று ஓடுகிறது.