பனிக்கட்டியில் கரைந்த பாதை

மயிலாடுதுறையில் மீன்கடை வைத்திருந்த ஜெக்கரியாவின் மகள் ஷமீரா. நாகப்பட்டினத்துச் சரக்கு விடியலில் வந்து இறங்கியதும் பனிக்கட்டியை உடைத்துப் பரப்புவது அவள் பொறுப்பு. சீருடை நனைய நனைய அதைச் செய்துவிட்டே பள்ளிக்கு ஓடுவாள். தமையன் தௌபீக் சார்ஜாவில் உழைத்து அவளைப் படிக்க வைத்தான். தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்குப் பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் தற்காலிக உதவியாளர் பணி கிடைத்தது.

அங்கே அவளை ஆட்கொண்டது உயிரணுவுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்து. முதுகுத்தண்டிலுள்ள நரம்பணு ஆக்கும் பொருள், அதன் நீண்ட இழைவழியே கால்விரல் வரை செல்ல வேண்டும். தானே மிதந்து சேர ஓர் ஆயுள் போதாது. ஆகவே கைனசின் என்னும் மோட்டார்ப் புரதம் அதைச் சுமந்துகொண்டு நுண்குழாய் என்னும் பாதைமேல் நடக்கிறது. ஒரு பாதம் பற்றியிருக்க மறுபாதம் பெயரும். அடிக்கு ஓர் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு அதற்கு உணவு. இறைவன் இத்தனை சிறிய சுமைகாரனையும் படைத்தானே என்று அவள் நெஞ்சு நெகிழும்.

அந்த நடையைக் கண்ணாடித் தகட்டில் காட்டுவதே அவளுக்கு இட்ட பணி. ஒரு கட்டடத்தில் நுண்குழாய்களை வளர்த்து, எதிர்க்கட்டடத்துக்குக் கொண்டுவந்து தகட்டில் பரப்பி, மோட்டார்மேல் சுமையாக நுண்ணிய மணியொன்றை ஏற்றினாள். மணி நின்ற இடத்திலேயே நடுங்கியது. மறுபடி, மறுபடி, அதே நடுக்கம்.

"மோட்டாரு செத்துப்போச்சும்மா," என்றார் மூத்த ஆய்வாளர் பரிதி. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. நடக்கலன்னா இந்த வேலைய மூடிருவோம். அப்புறம் உங்களுக்கு இங்க இடமில்ல."

"நடக்கும் சார்."

"எதை வச்சு சொல்றீங்க?"

ஆயினும் அவள் மூட்டை கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மணியை விட்டுவிட்டுப் பாதையைத் தேடினாள். பாதையே இல்லை! நுண்குழாய்களை வளர்த்த கட்டடத்தின் நுண்ணோக்கியில் அந்த இழைகள் தெளிவாகத் தெரிந்திருந்தன. எதிர்க்கட்டடத்துக்கு வருவதற்குள் மறைந்திருந்தன. இடையில் நிகழ்ந்தது என்ன? தன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். நிறையப் பனிக்கட்டி. கெட்டுவிடக் கூடாதே என்று, மீனைப் போல, அவளே பொதிந்து வைத்தது. வெதுவெதுப்பில் கோத்து நின்ற நுண்குழாய்கள் குளிரில் துகள் துகளாகப் பிரிந்துவிட்டன.

பெட்டியை வாசலிலேயே வைத்தாள். புதிதாகப் பாதைகளை வளர்த்தாள். அவை இருந்த கண்ணாடிக் குழலைத் துப்பட்டாவில் சுற்றி, உள்ளங்கைக்குள் பொத்தி, முற்றத்தைக் கடந்தாள்.

மணி நகர்ந்தது. நேர்க்கோட்டில், தயங்காமல், இழையின் முனைவரை.

பரிதி நுண்ணோக்கியிலிருந்து நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "திங்கக்கிழமை இதையே இன்னொரு தடவ செய்யணும்," என்றார். "சீக்கிரம் வந்துருங்க."

மாலையில் தொலைபேசிக் கடையிலிருந்து வீட்டுக்குப் பேசினாள். "அத்தா, சரக்கு போய்ச் சேந்துருச்சு. ஐஸு இல்லாமத்தான் கொண்டு போனேன்."

"ஐஸு இல்லாமயா?" என்று ஜெக்கரியா அலறினார். "ஏம் புள்ள, நம்ம குடும்ப மானத்தையே வாங்கிட்டியே!"