முந்திரி அக்காவோட சும்மா இருக்காத கை

முன்னாடி போற பொண்ணோட பையில ஜிப் திறந்திருந்தா முந்திரி அக்காவுக்குக் கை துறுதுறுன்னு ஆயிடும். கூப்பிட்டுச் சொல்றதெல்லாம் கிடையாது. ரெண்டு எட்டு வேகமா வச்சு, சர்ருன்னு இழுத்து மூடிட்டு, அந்தப் பொண்ணு திருடன்னு நினைச்சுத் திரும்பறதுக்குள்ள, "பர்ஸ் எட்டிப் பாக்குது கண்ணு"ன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிடுவா. காலேஜ் வாசல்ல இருந்து மாடி வகுப்புக்குப் போறதுக்குள்ள இப்படி மூணு ஜிப்பு, ஒரு அவுந்துபோன ஷூ லேசு, யாரோ விட்டுட்டுப் போன ஒரு குடை.

வகுப்புப் பிள்ளைங்க முதல்ல வச்ச பேரு முந்திரிக்கொட்டை. நாப்பத்தாறு வயசுப் பொம்பளைய அப்படிக் கூப்பிட அவங்களுக்கே கூச்சமாப் போச்சு. கொட்டையை எடுத்துட்டு அக்காவைச் சேத்துக்கிட்டாங்க.

பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில ஆயா வேலை. பெட்பேன் வைக்க, விரிப்பு மாத்த, தூக்கி உக்கார வைக்க, ஊட்ட, துடைக்க. இப்ப முட்டி ரெண்டும் மக்கர் பண்ணுது. சான்றிதழ் ஒண்ணு வாங்கிட்டு வந்தா உக்காந்து பாக்குற வேலை தர்றோம், இல்லேன்னா மறுபடி பக்கெட்டுதான்னு ஆஸ்பத்திரியில கறாராச் சொல்லிட்டாங்க. எந்தச் சான்றிதழ்னு யாரும் சொல்லல. அக்காவும் கேக்கல. காலேஜ் கவுண்ட்டர்ல எந்த வரிசை சின்னதா இருந்ததோ அதுல போய் நின்னா. அது வக்கீலுக்கு உதவியாளர் படிப்பு. ஆஸ்பத்திரியிலயும் கேஸுன்னுதானே சொல்றாங்க, எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சுக்கிட்டா போல.

அங்க நாலு மாசம் ஓடுச்சு. பாதி புரியல, மீதி தூக்கம். ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அதனால இலவசச் சட்ட உதவி மேசையில பயிற்சிக்கு உக்கார வச்சாங்க. வர்றவங்க சொல்றதை அப்படியே எழுதணும், யோசனை சொல்லக் கூடாது, அது வக்கீல் வேலை. முதல் நாளே ஒருத்தர் வந்தாரு. தம்பி வீட்டுச் சுவரு தன் இடத்துல ரெண்டடி ஏறி நிக்குதுன்னு கேஸ் போடணுமாம். அக்கா அரைப் பக்கம் எழுதிட்டுப் பேனாவைக் கீழ வச்சா. "ரெண்டடியில என்ன சார் கோட்டையா கட்டப்போறீங்க? கூடப் பொறந்தவன்தானே, விட்டுத் தொலைங்க."

அந்த மனுசனும் விட்டுத் தொலைச்சாரு. அந்த ரெண்டடியைத் தம்பி பேருக்கு எழுதியே கொடுத்துட்டாரு. மறுநாள் அவரு பொண்டாட்டி காலேஜுக்கே வந்து, "யாருடி அந்த நாட்டாமை?"ன்னு கேட்டது மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சாம்.

"நான் சொன்னதுல என்ன தப்பு சார்?"ன்னு அக்கா கேட்டா.

"நீங்க சொன்னது சரியா தப்பான்னு நான் பேசல," அப்படின்னாரு அந்த வகுப்பு வாத்தியார். "நீங்க வாயைத் திறந்ததே தப்பு."

பிரின்சிபல் நல்ல மனுசர். ஆயா வேலை பாத்தவங்களாச்சேன்னு எதிர் வகுப்புக்கு மாத்திவிட்டாரு. ஆக்குபேஷனல் தெரபிக்கு உதவியாளர். பக்கவாதம், விபத்துன்னு கை கால் முடங்கினவங்க மறுபடி தானாச் சட்டை போட, பல் விளக்க, டம்ளர் பிடிக்கப் பழக்கிவிடுற வேலை. இதுதான் கடைசி வாய்ப்புன்னு காகிதத்துலயும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டாரு. அக்காவுக்கு ஒரே குஷி. இது நம்ம ஏரியா இல்லையா.

அந்த வகுப்புக்குள்ளேயே ஒரு கட்டில், ஒரு வாஷ்பேசின், ஒரு அடுப்பு மேடை எல்லாம் போட்டு வச்சிருப்பாங்க. முதல் பயிற்சி, ஒரு பையன் தானா சாக்ஸ் போடணும். பைக்ல விழுந்து மணிக்கட்டு போன பையன். அக்கா குனிஞ்சா, நிமிந்தா, ரெண்டு சாக்ஸும் கால்ல ஏறியிருந்துச்சு. பையனோட அம்மா, "தங்கமான பொம்பளை"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பாடம் எடுக்குற மேடம் சைபர் போட்டாங்க.

"ஒரே நிமிசத்துல முடிச்சேன் மேடம்."

"முடிச்சது யாரு?"

"நான்தான்."

"கை சரியாக வேண்டியது யாருக்கு?"

அக்கா பையனைப் பாத்தா, சாக்ஸைப் பாத்தா, மேடத்தைப் பாத்தா. "பேரு உதவியாளர். பாடம் உதவி பண்ணாதே. இது எந்த ஊர் நியாயம் மேடம்?" பிள்ளைங்க சிரிச்சாங்க. அக்கா நெசமாத்தான் கேட்டா.

இந்தக் குழப்பம் வீட்டுக்கும் போச்சு. வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுறவரு, குளிக்கப் போனா துண்டை மறந்துட்டுத்தான் போவாரு. அன்னிக்கு உள்ளயிருந்து குரல் கொடுத்தாரு. இவ கதவுக்கு வெளியில ஸ்டூல் போட்டு உக்காந்து, "நீங்களே முயற்சி பண்ணுங்க, நான் இங்கதான் இருக்கேன்" அப்படின்னா. மனுசன் சொட்டச் சொட்ட வெளியில வந்து, "நீ பாஸ் பண்ற வரைக்கும் நான் ஈரமாவே இருந்துக்கிறேன் தாயி"ன்னுட்டுப் போனாரு.

போன வாரம் செய்முறைப் பரீட்சை. வந்தவரு ரிட்டயர்டு பஸ் டிரைவர், எழுபது இருக்கும். பக்கவாதத்துல வலது கை மடியில கிடக்கு, யாரோ குடுத்து வச்ச பொருள் மாதிரி. இடது கையால ஆறு பட்டன் சட்டையை அவரே போடணும். இருபது நிமிசம். அக்கா தொடவே கூடாது, அவரு ஏதாவது கேட்டா மட்டும் பதில் சொல்லலாம். தொட்டா பெயில், பெயிலானா பக்கெட்.

அக்கா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அது மேல உக்காந்துக்கிட்டா.

முதல் பட்டன் நாலு தடவை நழுவுச்சு. டிரைவருக்கு மூக்கு நுனி வேர்த்துருச்சு. "ஏம்மா, உனக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? வேடிக்கை பாக்குறியே?"

"பரீட்சைங்கய்யா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்புறம் நான் எதுக்கு இந்தப் பாடுபடுறேன்?"

அக்காவுக்கும் அதுதான் விளங்கல. மேடத்தைப் பாத்தா. மேடம் கடிகாரத்தைப் பாத்தாங்க.

ரெண்டாவது பட்டன், மூணாவது. வயசானவர் உதட்டைக் கடிச்சுக்கிட்டு, வளைவுல பஸ்ஸைத் திருப்புற மாதிரி உடம்பையே சாய்ச்சு சாய்ச்சுப் போட்டாரு. அக்காவுக்குத் தொடை மரத்துப் போச்சு. பதினஞ்சாவது நிமிசம் கையை உதறிட்டு நெஞ்சை நிமித்தினாரு. "முடிஞ்சுது. சரியா இருக்கா, பாரு."

ஒரு காஜா தள்ளிப் போட்டிருந்தாரு. மேல ஒரு ஓட்டை காலி, கீழ ஒரு பட்டன் அனாதையாத் தொங்குது, சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிக்குது. மனுசன் முகத்துல மட்டும் அப்படி ஒரு வெளிச்சம்.

இல்லேன்னு சொன்னா அந்த வெளிச்சம் அணைஞ்சுரும். ஆமான்னு சொன்னா பொய், இதே கோலத்துல தெருவுல நடப்பாரு. கை நீட்டினா அஞ்சு நொடி வேலை, அதோட படிப்பும் போச்சு. அந்த வகுப்புல வாய் தப்பு, இந்த வகுப்புல கை தப்பு. ஒரு ஆளுக்கு வேற என்னதான் மிச்சம் இருக்கு?

"கேட்டேனே, சரியா?"

மேடத்தோட பேனா காகிதத்துக்கு மேல அப்படியே நிக்குது. அக்கா எந்திரிச்சு அவருக்கு நேரா வந்து நின்னா. வலது கையைச் செத்த கை மாதிரி தொங்க விட்டா. இடது கையால தன்னோட வெள்ளைக் கோட்டுப் பட்டனை ஒவ்வொண்ணாக் கழட்டினா. எல்லாத்தையும் கழட்டிட்டு, அவரு பாக்குற மாதிரி குனிஞ்சு, தள்ளிப் போகாம இருக்க ஆகக் கீழ இருக்குற பட்டனை அதோட காஜாவுக்குள்ள திணிக்கப் பாத்தா. நழுவுச்சு. மறுபடியும் பிடிச்சா.